சீரங்கப்பட்டணத்துக் கல்லறைகள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை முதல்நாள் சாமுண்டி மலைக்கும் மறுநாள் சீரங்கப்பட்டணத்துக்கும் அழைத்துச் செல்வது மைசூரில் வாழும் நம் காலனித் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பத்துக் கல் தொலைவுதான். காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். காவிரி தன் நடுவே மூன்று தீவுகளை அமைத்து மூன்றிலும் அரங்கனைப் பள்ளிகொள்ளச் செய்தாள் என்றும், இது ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம் என்றும் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே அரங்கநாதரைச் சேவித்து, நிமிஷாம்பாளை வணங்கி, தரியா தௌலத் மாளிகையின் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்து, ஐதர் அலியும் திப்பு சுல்தானும் துயிலும் கும்பஸில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஆறு இரு கிளையும் கூடும் சங்கமத்தில் சோற்று மூட்டையை அவிழ்ப்பதோடு நம் யாத்திரை நிறைவெய்தும்.

இவ்வளவு இடங்களையும் பல முறை பார்த்த நாம், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், காவிரிக் கரையில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தை மட்டும் ஒரு முறையும் எட்டிப் பார்த்ததில்லை. “சுடுகாடு, இடுகாடு என்றால் குளிக்க வேண்டும், அதிலும் வெள்ளைக்காரன் இடுகாடு நமக்கு எதற்கு?” என்ற எண்ணமே காரணம். சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், சங்கத்து அன்பர் பதினோரு பேர், குழந்தைகள் உட்பட, அத் தோட்டத்தைக் காண்பதற்கென்றே புறப்பட்டோம். எங்களோடு வந்தவர்களுள் மூத்தவர், காலனிக் குழந்தைகள் எல்லாரும் ‘அல்சூர்ப் பாட்டி’ என்று அழைக்கும் அம்மையார். பிறந்த வீடு பெங்களூர் அல்சூர் ஆதலால் அப் பெயர். அவர் வந்தது பெரும் பேறாயிற்று. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

கரும்பும் நெல்லும் விளையும் கழனிகளுக்கு இடையில் சுற்றுச்சுவர் எழுப்பிய சிறு நிலம் அது. உள்ளே 307 கல்லறைகள் உள்ளன என்று கணக்கெடுத்திருக்கின்றனர். சில, கூர்ந்துயர்ந்த நான்முகத் தூண்கள்; சில, பெட்டியை மூடி வைத்தாற் போன்றவை; சில, படிப்படியாகக் குறுகி மேலெழும் கூம்புகள்; எஞ்சியவை தரையோடு தரையாய்க் கிடக்கும் பலகைக் கற்கள். எகிப்தின் சாயலையும் உரோமின் சாயலையும் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் காவிரிக் கரையில் ஒருவாறு உருவாக்கிவிட்டனர் நம் நாட்டுக் கொத்தர். எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவன் வெள்ளையன். வெட்டிய கை நம்மவர் கை. பொருள் அறியாமலே வெட்டியிருப்பர். ஆயினும் வெட்டு ஆழமாகவும் வரிசை பிறழாமலும் இருக்கிறது.

தேய்ந்த எழுத்தைப் படிக்க ஒரு வழியுண்டு. இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக எழுதுகிறோம். உச்சி வேளையில் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ, வெயில் பக்கவாட்டில் சாயும்போது, பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்துத் தானே எழுந்து நிற்கும். மேகம் மூடிய நாளானால் தெளிந்த நீரை மெல்லத் தெளித்தால் போதும். சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு செம்பில் நீர் சுமந்து வந்தனர். சிறிது நேரத்தில் அவர்களுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. “இது 1804!”, “இது பாப்பா, ஒன்பது மாசம்!” என்று ஒருவரை ஒருவர் கூவி அழைத்தனர். ஒன்பது மாதம் என்று படித்த சிறுமி அதன்பின் கொஞ்ச நேரம் நீர் தெளிக்கவில்லை.

இக் கல்லறைகளை 1799-ஆம் ஆண்டு முற்றுகையில் வீழ்ந்த ஆங்கில அதிகாரிகளின் கல்லறைகள் என்றே பொதுவாகச் சொல்வர். அதில் உண்மை ஒரு பங்குதான். கோட்டை வீழ்ந்தது 1799 மே 4. இத் தோட்டம் அமைந்ததோ 1800-ஆம் ஆண்டு. 1860-களை ஒட்டிய காலம் வரையில் இங்கே அடக்கம் நடந்திருக்கிறது. ஆகவே இங்குக் கிடப்போருள் மிகப் பலர் போர் ஓய்ந்தபின் மாண்டவர்கள். அவர்களுள்ளும் மனைவியரும் குழந்தைகளும் பலர். அவர்களைப் பீரங்கி கொல்லவில்லை. எது கொன்றது என்பதிலேதான் நம் வரலாறும் தொடங்குகிறது. அதற்குமுன் முற்றுகையைச் சிறிது சொல்லிவிடுவோம்.

ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் சென்னைப் படை 1799 பிப்ரவரி 14 அன்று வேலூரிலிருந்து புறப்பட்டது. இராயக்கோட்டை வழியாக மைசூர் நாட்டுக்குள் நுழைந்து, மார்ச்சு 27-இல் மழவள்ளியில் ஒரு போர் செய்து, ஏப்ரல் தொடக்கத்தில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தது. மேற்கே கண்ணனூரிலிருந்து பம்பாய்ப் படை வந்து சேர்ந்தது. ஐதராபாத்து நிஜாமின் படையும் உடனிருந்தது. பாரம் சுமந்த எருதுகள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று நூல்கள் கூறும். இப் பெருங்கூட்டத்தில் ஆங்கிலேயர் சிலரே. சென்னைப் படையின் பெரும்பகுதி, தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த சிப்பாய்கள். அவர்கள் பின்னால் மாடு ஓட்டியவர், கூடாரம் அடித்தவர், சமைத்தவர், துணி வெளுத்தவர், நோயாளியை டோலியில் சுமந்தவர், அரிசி விற்றவர் எனப் பெயர் தெரியாத மற்றொரு படையும் நடந்து வந்தது. ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்கள் பலவும் அன்று மைசூர்ச் சாலையில் நடந்தன என்றால் மிகையாகாது.

மே 4 அன்று நடுப்பகல் கழிந்து ஒரு மணி அளவில், காவிரியில் நீர் வற்றியிருந்த வேளையில், டேவிட் பேர்டு என்பவர் தலைமையில் நாலாயிரம் பேருக்கு மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து, மதில் இடிந்த வாயில் வழியே ஏறினர். இந்தப் பேர்டு 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூர்ப் போரில் ஐதரின் படையிடம் பிடிபட்டு, இதே கோட்டையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். திப்பு போரிட்டு மடிந்தார். மாலையில் பிணக்குவியலுக்கு அடியில் அவர் உடலைக் கண்டெடுத்தனர். கோட்டையின் உள்ளேயும் தமிழ் பேசியோர் இருந்திருத்தல் கூடும் என்பது நம் கருத்து. கோயம்புத்தூர்ச் சீமை அவ்வாண்டு வரையில் திப்புவின் ஆட்சியிலேதான் இருந்தது. மதிலின் இருபுறமும் நம்மவர் நின்றனர் என்று எண்ணும்போது, வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்ல நாவெழவில்லை.

தோட்டத்தில் எங்களை மிகுதியும் வியப்பில் ஆழ்த்தியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், சுவிட்சர்லாந்துக்காரர். ஏறக்குறைய எண்பது கல்லறைகள் ‘தெ மெரோன்’ பட்டாளத்தைச் சேர்ந்தவை. பனிமலை நாட்டார் காவிரிக் கரைக்கு வந்த கதை விசித்திரமானது. நியூஷாத்தெல் என்னும் சிறு நாட்டைச் சேர்ந்த சார்லஸ் தானியேல் தெ மெரோன் என்ற பிரபு, 1781-இல் டச்சுக் கம்பெனிக்குக் கூலிப்படையாக இப் பட்டாளத்தைத் திரட்டினார். படை நன்னம்பிக்கை முனையில் இருந்தது. பின்னர் இலங்கைக்கு வந்தது. கொழும்புக் கோட்டையைக் காக்கும் பொறுப்பு அதனிடம் இருந்தது; தலைவர் பிரபுவின் தம்பி பியேர் பிரெடெரிக். 1795-இல் ஆங்கிலேயர் ஒரு தந்திரம் செய்தனர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஹியூ கிளெகார்ன் என்பவரை நியூஷாத்தெலுக்கு அனுப்பி, பிரபுவிடம் பேரம் பேசி, பட்டாளம் முழுவதையும் டச்சுக்காரரிடமிருந்து தம் பக்கம் மாற்றிக்கொண்டனர். இச் செய்தியைத் தம்பிக்கு எட்டச் செய்வதற்கு, டச்சுப் பாலாடைக்கட்டி உருண்டை ஒன்றைக் குடைந்து அதனுள் கடிதத்தை வைத்துக் கொழும்புக்கு அனுப்பினர் என்று ஒரு கதை வழங்குகிறது. சோற்று மூட்டையின் முன் உட்கார்ந்து இக் கதையைச் சொன்னபோது, “நம்ம ஊரானா இட்லிக்குள்ள வச்சு அனுப்பியிருப்பாங்க” என்றான் ஒரு பையன்.

காப்பாளர் கட்சி மாறிய கொழும்பு 1796 பிப்ரவரியில் ஆங்கிலேயர் வசமாயிற்று. கட்சி மாறிய பட்டாளம் தென்னிந்தியாவுக்கு வந்து, 1799 முற்றுகையிலும் ஈடுபட்டு, பின்னர் இங்கேயே காவற்படையாகத் தங்கியது. 1806-இல் அது இந்தியாவை விட்டு நீங்கிற்று. 1813-இல் கனடாவுக்குப் போய், 1816-இல் கலைக்கப்பட்டது. காவிரிக் கரையில் காவல் நின்ற பட்டாளத்தின் கடைசி வீரர்கள் சிலர் கனடாவின் செவ்வாற்றுக் கரையில் குடியேறினர்! ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது புரியாத செய்தியன்று. இன்னொரு செய்தியும் உண்டு: அந்தப் பேராசிரியர் கிளெகார்னின் பேரன், அதே பெயருடையவர், சென்னையில் பிறந்து, மைசூர் நாட்டில் மருத்துவராகப் பணிபுரிந்து, 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஆனார். பாட்டன் பட்டாளத்தை வாங்கினான். பேரன் மரத்தைக் காத்தான்.

தெ மெரோன் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் 2008-ஆம் ஆண்டளவில் இத் தோட்டத்தைச் செப்பனிட உதவினர். நாம் எழுத்துக்களைப் படிக்க முடிந்தது அவர்கள் தயவால். இருநூறு ஆண்டு கழித்தும், கடல் கடந்தும், தம் முன்னோன் பெயர் வெட்டிய கல்லை ஒருவன் தேடி வருகிறான் என்பதை இங்குக் குறித்து வைக்கிறோம்.

கல்லறை என்று பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. கல்கத்தாவுக்கு அடிகோலியவர் என்று பேசப்படும் ஜாப் சார்னாக்கு 1693-இல் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கருங்கல். கடல் வழியாகக் கல்கத்தாவுக்குப் போனது. இருநூறு ஆண்டு கழித்து அக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார், அந்தப் பாறை இனத்துக்கே ‘சார்னாக்கைட்டு’ என்று பெயரிட்டுவிட்டார். இன்று உலகத்துப் பாட நூல்களில் எல்லாம் அப் பெயரே. நம் பல்லாவரத்து மலை, தன் பெயரை இழந்து, ஒரு வணிகனின் கல்லறையிலிருந்து பெயர் பெற்றது! கல்லில் வெட்டப்பட்டவன் வாழ்கிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

கல் பொய்க்கதையைத் திருத்தவும் செய்யும். கோட்டைக்கு வெளியே ஆற்றோரத்தில் ‘ஸ்காட்டு பங்களா’ என்றொரு பழைய வீடு உண்டு. பீரங்கி வண்டித் தொழிற்சாலையின் தலைவராயிருந்த கர்னல் ஸ்காட்டு வெளியூர் சென்று திரும்பியபோது, மனைவியும் இரு பெண்களும் வாந்திபேதியால் மாண்டு கிடந்தனர் என்றும், அவர் அக்கணமே வீட்டை விட்டு நீங்கி மறைந்தார் என்றும், மைசூர் மன்னர் அவ் வீட்டை மேசை நாற்காலியோடு அப்படியே பல்லாண்டு காத்து வைத்தார் என்றும் கதை. இதைப் பாடி ஆங்கிலத்தில் கவிதையே எழுதிவிட்டனர். திருமதி ஸ்காட்டின் கல்லறை இத் தோட்டத்தில் இருக்கிறது. அவர் 1817 ஏப்ரலில் பிள்ளைப்பேற்றில் இறந்தார் என்கிறது கல். வாந்திபேதியும் இல்லை, ஒரே நாளில் மூன்று சாவும் இல்லை. எங்களோடு வந்த பெண்மணிகள் இக் கல்லின் முன்தான் நெடுநேரம் நின்றனர். பெரிய கதைக்கு அங்கே தேவை இருக்கவில்லை.

இனி, எது கொன்றது என்ற கேள்விக்கு வருவோம். போருக்கு மறு ஆண்டு, 1800-இல், சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன், தீவின் மக்கள்தொகை ஏறக்குறைய 32,000 என்று கணித்தார். திப்புவின் காலத்தில் இருந்ததைவிட அது மிகவும் குறைவு. அரசன் போனபின் அரண்மனையை நம்பி வாழ்ந்தோர் கலைந்தனர். கலையாமல் இருந்தது காய்ச்சல் ஒன்றே. சுற்றிலும் ஆறு, வாய்க்கால், வயல், அகழி. தேங்கிய நீருக்குக் குறைவில்லை. கெட்ட காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று அன்றைய வைத்தியர் எண்ணினர். கொசுவே காரணம் என்னும் உண்மைக்கு வழிதிறந்த ஆராய்ச்சியை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் முடித்தது 1897 ஆகஸ்டில். அவருமே 1883-இல் பெங்களூரில் வேலை பார்த்தபோதுதான், தம் சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டி நீரில் கொசுப்புழு நெளிவதைக் கண்டு, நீரைக் கொட்டிக் கொசுவைக் குறைத்தவர். ஆனால் 1809-இல் அவ்வறிவு இல்லை. ஆண்டுதோறும் இறப்பவர் பெருகவே, கம்பெனி தன் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெயர்த்து, மேட்டு நிலமும் குளிர்ந்த காற்றும் உள்ள பெங்களூருக்கு, அல்சூர் ஏரிக்கு அருகில் கொண்டுபோயிற்று.

அன்பர்களே, பெங்களூர்த் தண்டு என்னும் கண்டோன்மெண்டு பிறந்த கதை இதுவே. படை போன இடத்துக்குப் படையை நம்பியவர்களும் போயினர். சிப்பாயின் குடும்பம், அவனுக்கு அரிசி அளந்த செட்டியார், கூடாரம் தைத்தவர், செங்கல் சுட்டவர், காண்ட்ராக்டு எடுத்தவர் என்று ஆர்க்காடு, வேலூர்ப் பகுதித் தமிழர் அங்கே குடியேறினர். அவர் வழிவந்தோர் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தெருத் தெருவாக நிறைந்தனர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அங்கே பெருங்காண்ட்ராக்டர் ஆனதும், இன்று உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டியதும், 1873-இல் பள்ளிக்கூடம் தொடங்கியதும் அறிந்தவையே. 1949-இல் தண்டும் பெங்களூர் நகரமும் ஒன்றாயின. அடுத்த ஆண்டே அங்கே தமிழ்ச் சங்கம் பிறந்தது. காரணத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், காவிரிக் கரையில் ஒரு கொசு ஒரு வெள்ளைக்காரனைக் கடித்த இடத்தில் போய் நிற்கிறோம்!

இந்த இடத்தில், எங்களோடு வந்த ஒன்பது வயதுச் சிறுவன், செம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். “மாமா, முந்நூறு கல்லு இருக்கே, அதுல நம்ம பேரு ஒண்ணு கூட இல்லையா?”

இல்லை. நாங்கள் பார்த்தவரையில் இல்லை, இருக்கவும் வழியில்லை. இது வெள்ளையர்க்கென அமைத்த கிறிஸ்தவத் தோட்டம். “சிப்பாய்களில் இந்துக்களை எரித்திருப்பர், எரித்தவனுக்குக் கல்லறை ஏது?” என்று எங்களுள் ஒருவர் விடை சொன்னார். அவ் விடை எமக்கு நிறைவளிக்கவில்லை. உடலை எரித்தால் பெயரையும் எரிக்க வேண்டுமா? ஆநிரையை மீட்கப்போய் மடிந்த சிற்றூர் மறவனுக்கும் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நட்டவர்கள் நம் முன்னோர். கல் நடுதற்கு ஆறு துறை வகுத்து இலக்கணம் செய்தது தொல்காப்பியம். கன்னட நாடும் அதில் குறைந்ததன்று. ‘பெங்களூரு’ என்னும் பெயரே, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் பேகூரில் நட்ட வீரக்கல் ஒன்றில் கிடைக்கிறது. அங்கு நிகழ்ந்த போரில் மாண்ட வீரனைக் குறித்த கல் அது. 1944-இல் கோகிமாவில் நடந்த போரை நோக்குங்கள். அங்குள்ள போர்க் கல்லறையில் 1,420 பேரை அடக்கம் செய்திருக்கின்றனர். அதே இடத்தில், எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னமும் எழுப்பியிருக்கின்றனர். மனம் இருந்தால் இடம் உண்டு.

1799-இல் அம் மனம் இல்லை. வேறு கணக்குகள் இருந்தன. கொள்ளைப் பொருளைப் பகிர்ந்தபோது ஜெனரல் ஹாரிஸ் பெற்றது 1,40,000 பவுனுக்கும் மேல். வெள்ளைச் சிப்பாய் பெற்றது ஏழு பவுன். நம் சிப்பாய் பெற்றது ஐந்து. வெற்றியைக் கொண்டாடக் கம்பெனி ஒரு பதக்கம் அச்சிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வார்த்தனர். ஒரு புறம் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியைக் கீழே தள்ளி அமுக்கும். மறுபுறம் கோட்டையைத் தாக்கும் காட்சி. பெரிய தலைவர்க்குப் பொன், அடுத்தவர்க்கு வெள்ளியில் பொன்முலாம், அதற்கடுத்து வெள்ளி, அதற்குங் கீழே வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். இதில் மட்டும் வெள்ளைச் சிப்பாயும் நம் சிப்பாயும் சமம்: இருவர்க்கும் ஈயம்தான்!

இதை நாங்கள் மரநிழலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை பேசாதிருந்த அல்சூர்ப் பாட்டியம்மாள், “அந்தச் சிங்கம் எப்படி இருக்கும்? புலி கீழே மல்லாந்து கிடக்குமா?” என்று கேட்டார். ஆம் என்றோம். சிறிது நேரம் கழித்து அவர் சொன்னது இது:

“எங்க பாட்டி வீட்டு அஞ்சறைப் பெட்டியிலே ஒரு வெள்ளை வில்லை இருந்ததாம். புலிமேலே சிங்கம் நிக்குமாம். பட்டாளத்துத் தாத்தாவோடதுன்னு சொல்லுவாங்களாம். பாட்டிக்கு மாமியார் காலத்திலே, ஈயம் பூசுறவன் தெருவிலே வந்தப்போ, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் போதலேன்னு அதையும் எடுத்துக் கொடுத்துட்டாங்களாம். ‘ரெண்டு தவலைக்கு ஆச்சு’ன்னு பாட்டி சிரிச்சிக்கிட்டே சொல்லும். நானும் சின்னப்பிள்ளையிலே கேட்டுச் சிரிச்சிருக்கேன்.”

பட்டாளத்துத் தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. அவருடைய தந்தை, பாட்டனார், பாட்டனாரின் தந்தை, அவருக்கும் தந்தை என நான்கு பெயர்களைச் சொன்னார். ஐந்தாவதற்கு நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “பட்டாளத்துத் தாத்தான்னுதாம்மா சொல்லுவாங்க” என்றார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்க்குத் தொட்டுப் பார்க்கக் கல் இருந்தது. அல்சூரிலிருந்து வந்தவர்க்குப் பெயருங்கூட இல்லை. ஈயம் பூசிய அந்தத் தவலைகளும் எங்கே போயினவோ!

அந்நியனுக்காக நம் நாட்டு மன்னனை எதிர்த்துப் போரிட்ட கூலிப்படையை ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி, எங்களுள்ளும் ஒருவர் திரும்பும் வழியெல்லாம் அதையே கேட்டு வந்தார். அவருக்கு நாங்கள் சொன்னது வேலூரை. சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்களை வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தனர். ஏழே ஆண்டில், 1806 ஜூலை 10 விடியற்காலையில், அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் அக் கோட்டையில் ஆங்கிலேயரைத் தாக்கி, மைசூரின் புலிக்கொடியை ஏற்றினர். ஒரு நாளும் நிலைக்கவில்லை, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். திப்புவின் மதிலேறிய படையும் திப்புவின் கொடியேற்றிய படையும் ஒரே சீமையின் பிள்ளைகள். அவர்கள் யாவர், எந்த ஊர், ஐந்து பவுனை வைத்து என்ன செய்தனர் என்று அறியாமலே அவர்களைப் புகழ்வதும் பழிப்பதும் எளிது. நண்பர் முழுதும் உடன்படவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

வெயில் சாய்ந்து, எழுத்துக்கள் நன்றாகத் தெரியும் நேரம் வந்தபோது, காவலர் கதவைச் சாத்த வேண்டும் என்றார். பிள்ளைகள் செம்புகளைக் கழுவினர். ஆற்றில் இறங்கிக் கைகால் நனைத்துக்கொண்டோம். இடுகாட்டுத் தீட்டுக்கு அது போதும் என்று பாட்டியம்மாளே தீர்ப்பளித்துவிட்டார்.

சங்க நூலகத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். நம் காலனிக் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எவ்வேலையாக இங்கு வந்தன என்பதையும், நினைவுக்கு எட்டிய வரையில் முன்னோர் பெயர்களையும் அதில் எழுதி வருகிறோம். பழைய ஓய்வூதியச் சீட்டு, பட்டாள விடுவிப்புச் சீட்டு, வீட்டுப் பத்திரம், ஏன், ஈயம் பூசப் போகாமல் தப்பிய வில்லை எதுவாயினும் இருந்தால், அன்பர்கள் கொண்டுவந்து காட்டினால் பார்த்து எழுதிக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுப்போம். முதற் பக்கத்தில் அல்சூர்ப் பாட்டியம்மாள் சொன்ன நான்கு பெயர்கள் உள்ளன. அவற்றுக்கு மேலே ஒரு வரியை வெற்றிடமாக விட்டு, ஓரத்தில் ‘பட்டாளத்துத் தாத்தா, 1799’ என்று எழுதியிருக்கிறோம். நூலகம் ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை திறந்திருக்கும்.